ஆற்றுப்படையும் அக்கரைப் பாலமும்

வழி கேட்டுச் செல்வது தமிழர்க்குப் புதிதன்று. வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக்கி வைத்த மக்கள் நாம். பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தனை மறித்து, இன்னாரிடம் செல்க, இவ்வழியே செல்க என்று கூறி விடுப்பதே ஆற்றுப்படை. ஆங்கிலத்திலேயே கல்வி பயின்று, தோட்டத்துக் கணக்கோடு காலங்கழிக்கும் நாம், இந்நூல்களைப் பிற்காலத்திலேதான் கையிலெடுத்தோம். வள்ளல்களின் கொடையைப் புகழும் பாட்டுகள் என்றே எண்ணித் திறந்தோம். ஆனால் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தில் நம்மைப் பிடித்து நிறுத்தியது கொடையன்று. வழியில் கிடக்கும் ஆபத்துகளைப் பற்றிய எச்சரிக்கைகளே.

பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்னும் புலவர், நன்னன் நாட்டுக்கு வழி சொல்லுகிறார். பன்றிகளுக்கு அஞ்சித் தினைப்புனத்தார் வைத்த பொறிகள் வழியிலே உண்டு, ஆதலின் இருளிற் போகாமல் விடிந்தபின் போங்கள் என்கிறார். பாம்பு பதுங்கும் குழிகளைக் குறிப்பாய்ப் பார்த்துக் காலெடுத்து வையுங்கள். புனங்காவலர் யானைமேல் எறியும் கவண்கல் விசையோடு வரும், மரத்தின் மறைவிலே செல்லுங்கள். பாசி படர்ந்த வழுக்கிடத்தில் கொடிகளைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். இவற்றினும் நாம் வியந்தது ஒன்றுண்டு. வழிகள் பிரியும் சந்திக்கு வந்தால், பின்னே வரும் புதியவர் மயங்காதபடி, அவ்விடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளமாக இட்டுச் செல்லுங்கள் என்கிறார். இன்று சாலைதோறும் நிற்கும் பலகைகளுக்கு அந்தப் புல்முடிச்சைப் பாட்டன் என்று சொன்னால் மிகையாகாது.

சிலப்பதிகாரத்தில் வழி தேர்தல் இன்னும் வெளிப்படை. உறையூரை நீங்கிய கோவலன் மதுரைக்கு வழி கேட்க, மாங்காட்டு மறையோன், கொடும்பை நெடுங்குளக் கரையில் வழி மூன்றாகப் பிரியும் என்று கூறி, வலம், இடம், நடு ஆகிய மூன்றின் இயல்பையும் விரித்துரைக்கிறான். இடப்பக்கத்து வழியில் உள்ள திருமால்குன்றத்தையும் அதன் பொய்கைகளையும் அவன் மிகுத்துச் சொல்லுகிறான். கவுந்தியடிகள் பொய்கையின் மகிமைக்கு மயங்கினாரில்லை. மூவரும் நடுவழியே சென்றார்கள். பின்னர், பாண்டியன் நாட்டில் விலங்குகளாலும் தீங்கு நேராது என்பது கருதி, வெயிலுக்கு அஞ்சி இரவிலே நடந்தார்கள். ஒரு நூல் விடியலிற் போகச் சொல்லுகிறது; மற்றொரு நூலில் இரவிற் போகிறார்கள். இடத்தையும் காலத்தையும் உடன்வருவோரின் நிலையையும் பார்த்தே வழியைத் தேர்ந்தார்கள் என்பதே இரண்டிலும் உள்ள செய்தி. (கோவலனுக்கு மதுரையில் நேர்ந்தது வழியின் குற்றமன்று என்பதையும் சொல்லி வைப்போம்.)

நிற்க. இவ்வளவும் நம் நினைவுக்கு வந்ததற்குக் காரணம், சில காலத்துக்கு முன் நமது மேசைக்கு வந்த ஒரு படிவம்.

நாம் கிராணியாக இருப்பது செபராங் பிறையின் தென்பகுதியில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில். பழைய லயங்கள் இடிக்கப்பட்டபின், தொழிலாளரிற் பலர் பெருஞ்சாலைக்கு அப்பாலுள்ள அடுக்குவீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். முன்னே லயத்து வாசலிலிருந்து பெரட்டுக்கு நடந்து வந்தவர்கள், இன்று மோட்டார் சைக்கிளில் பெருஞ்சாலையைக் கடந்து வருகிறார்கள். அச்சாலையின் நடுவே தடுப்புச்சுவர் எழுந்து பல ஆண்டுகளாகின்றன. தோட்டத்து வாயிலுக்கு நேரே முன்பு இருந்த திறப்பும் அடைபட்டது. முறையாக வரவேண்டுமானால், சமிக்ஞை விளக்குள்ள சந்திவரை சென்று திரும்பிவர வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். முறைகெட்டு வரவேண்டுமானால், சாலையோரமாக எதிர்த்திசையில் முந்நூறு மீட்டர் ஓட்டினாற் போதும். பெரட்டோ ஆறு மணிக்கு. நம் நாட்டில் அந்நேரம் இருட்டு. பெரும்பாலோர் எந்த வழியைத் தேர்ந்தார்கள் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை.

அந்த முந்நூறு மீட்டரில்தான் ஒரு காலை, இருபத்து மூன்று வயது இளைஞன் ஒருவன் லாரியொன்றின் முன்பக்கத்தில் மோதினான். உயிர் தப்பிற்று. வலது கால் தப்பவில்லை.

வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்துக்கும் உதவித்தொகை உண்டு என்பது 1969 ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தால் நாம் பெற்ற நன்மை. சொக்சோ என்று தோட்டத்தில் எல்லோரும் வழங்குவது அதுவே. வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடைப்பட்ட வழியில் விபத்து நேர்ந்திருக்க வேண்டும்; இடையில் வழி விலகிச் சென்றிருந்தால் பொருந்தாது என்பது சட்டத்தின் போக்கு. ஆகவே படிவத்தோடு வழியின் படம் ஒன்றும் வரைந்து வைக்க வேண்டும். அதை வரைவது கிராணியின் வேலை. அந்த இளைஞனின் தாயார் நம் மேசையருகே நின்று, “கிராணி ஐயா, அந்த விளக்குப் பக்கமா வந்தான்னே படத்தைப் போட்டுடுங்க, தப்பான பக்கம் வந்தான்னு எழுதினா ஒண்ணுமில்லாமப் போயிடும்” என்று கெஞ்சினார். நாம் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் வரையவில்லை.

அப்பொழுது தோன்றிய கேள்வியே இக்கட்டுரைக்கு விதை. ஒருவன் ஆபத்தான வழியைத் தேர்கிறான் என்றால், அதை அவனுடைய அறியாமை என்று எழுதி முடித்துவிடலாமா? அல்லது நல்ல வழியை வேறு யாருக்காகவோ அமைத்துவிட்டு, அவனை அவ்வழியே வரச் சொல்லுகிறோமா? இதற்கு விடை காண, நம் பினாங்கின் வழிகள் உண்டான வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்போம்.

1786 இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கினார். 1800 இல் எதிர்க்கரையும் ஆங்கிலக் கம்பெனியின் வசமாயிற்று. அதற்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயரிட்டனர். இன்று செபராங் பிறை எனப்படுவது அதுவே. தீவின் முதற் சாலைகளை இட்டவர்களுள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும் உண்டு. காலில் விலங்கோடு சாலை போட்டவர்கள் அவர்கள். அச்சாலையில் வண்டியேறிச் சென்றவர்கள் வேறு. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எதிர்க்கரை முழுவதும் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. பத்து காவான், பிறை, கலிடோனியா முதலிய பெயர்கள் அக்காலத்துத் தமிழ்க் குடும்பங்களின் காதில் விழுந்தால் நெஞ்சு திடுக்கிடும். ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் கப்பலிறங்கியது இத்தோட்டங்களுக்கே. 1910 இல் அந்த ஒப்பந்த முறை ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே கடந்தவர்கள் சம்பான்களில் கடந்தார்கள். 1894 முதல் முறையான படகுச் சேவை நடந்தது. 1925 இல் மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் படகுகள் ஓடத் தொடங்கின. நகரத்தில் 1906 முதல் 1936 வரை மின்சார டிராம் வண்டிகள் ஓடின. அக்காலத்தில் ஜார்ஜ் டவுனுக்குப் போய்வரும் தோட்டத் தொழிலாளி, காலால் நடந்து, படகிலேறி, டிராமிலோ மாட்டுவண்டியிலோ போய், அவ்வாறே மீண்டான். வேகம் குறைவு, நேரம் மிகுதி. ஆனால் இன்றைய பெருஞ்சாலையில் ஓடும் வேகத்தில் வண்டிகள் அவனருகே ஓடியதில்லை.

மேனாட்டில் இந்த வேகத்தைக் கண்டு முதலில் அஞ்சத்தான் செய்தார்கள். 1865 இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் இயற்றினார்கள். இயந்திர வண்டி சாலையில் வருமானால், அதற்கு முன்னே அறுபது கஜ தூரத்தில் ஓர் ஆள் சிவப்புக்கொடி பிடித்துக்கொண்டு நடந்து செல்லவேண்டும். ஊருக்குள் மணிக்கு இரண்டு மைல் வேகத்துக்கு மேற் போகலாகாது. நாம் பள்ளியில் இதைப் படித்தபோது வகுப்பு முழுதும் சிரித்தது. இப்பொழுது சிரிப்பு வருவதில்லை. 1896 ஆகஸ்டு 17 அன்று, லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் என்னும் இடத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்ற பெண்மணி மோட்டார் வண்டி மோதி உயிரிழந்தார். பிரிட்டனில் மோட்டார் வண்டியால் இறந்த முதற் பாதசாரி அவரே என்பர். இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேராதிருக்கட்டும் என்று விசாரணை அதிகாரி கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது. அதே ஆண்டு நவம்பரில் புதுச் சட்டம் வந்தது. முன்னே ஆள் நடக்கும் விதி நீங்கிற்று. வேக வரம்பு மணிக்குப் பதினான்கு மைலாக உயர்ந்தது. இன்று உலகெங்கும் சாலையில் ஆண்டுதோறும் இறப்போர் ஏறத்தாழ 12 லட்சம் பேர்.

நம் கரைக்குத் திரும்புவோம். 1972 இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிபத் தொழிற்பேட்டை தொடங்கிற்று. பால்வெட்டுக் கத்தியைப் பிடித்த கைகளின் பெண்மக்கள், மின்னணுக் கருவிகளைப் பொருத்தும் தொழிலுக்குப் போனார்கள். தொழிற்சாலைப் பஸ்கள் அவர்களை ஏற்றிச் சென்றன. நம் தோட்டத்து முதியவர்கள் இன்றும் அந்தப் பஸ் வரும் நேரத்தைச் சொல்லுவார்கள். விடியலில் அதன் விளக்கைக் கண்டே அடுப்பு மூட்டுவார்களாம். நம் தோட்டத்து வாயிலுக்கு அந்தப் பஸ் வருவது எப்பொழுதோ நின்றுவிட்டது. பஸ் நின்ற அன்று யாரும் அதை ஒரு விபத்தென்று எண்ணவில்லை. ஆனால் நாற்பது பேர் ஒரு கூரையின்கீழ் போன வழியில், பின்னர் நாற்பது பேர் நாற்பது மோட்டார் சைக்கிளில் தனித்தனியே போகலானார்கள்.

1985 இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. பிறையிலிருந்து குளுகோர் வரை 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலின்மேல். படகுத்துறையில் மணிக்கணக்காக வரிசையில் நின்ற வண்டிக்காரர்களுக்கு அது பெரும்பேறு. மூன்றாண்டுக்குள், 1988 ஜூலை 31 அன்று, பட்டர்வொர்த்தில் படகேறும் துறையின் மேல்தளம் மக்கள் கூட்டத்தின் பாரம் தாங்காது இடிந்து விழுந்தது. முப்பத்திரண்டு பேர் மாண்டனர். 1,600 பேருக்கு மேற் காயமுற்றனர். திருவிழாக் காலம், தீவுக்கும் கரைக்கும் இடையே மக்கள் திரண்டிருந்த நாள். இறந்தவர்கள் கடலில் மூழ்கியவர்கள் அல்லர். கரையிலே நின்று காத்திருந்தவர்கள். படகு பழையது, ஆகவே ஆபத்து. பாலம் புதியது, ஆகவே நலம் என்றும் சொல்லக் கூடாது. பாலம் ஆபத்து, படகே நலம் என்றும் சொல்லக் கூடாது. எந்த வழியாயினும், அதிற் செல்லும் மனிதர் எத்தனை பேர், எவ்வாறு செல்லுகின்றனர் என்று பாராமல் அமைத்தால் அங்கே மரணம் நுழைகிறது.

2014 மார்ச்சு 1 அன்று இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 24 கிலோமீட்டர். அது தீவில் பத்து மாவுங்கில் தொடங்கிக் கரையேறுவது எங்கே என்று நினைக்கிறீர்கள்? பத்து காவானில். நம் முன்னோர் கரும்பு வெட்டிய அதே பத்து காவான். பழைய படகுகளோ 2021 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றன. கார்கள் படகேறும் வழக்கம் அதோடு முடிந்தது. 2023 ஆகஸ்டில் புதிய படகுகள் வந்தன. அவை பாதசாரிகளையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்காரர்களையும் ஏற்றிச் செல்கின்றன.

ஆகவே இன்று கரையிலிருந்து தீவுக்குச் செல்லும் மோட்டார் சைக்கிள்காரனுக்கு, கோவலனுக்கு இருந்ததுபோலவே மூன்று வழி. வடக்கே படகு, நடுவே முதற்பாலம், தெற்கே இரண்டாம் பாலம். எந்த வழியில் ஆபத்து குறைவு என்று மாங்காட்டு மறையோன்போல் நின்று சொல்லுவார் யார்? கையிலுள்ள தொலைபேசி வழி சொல்லுகிறது. ஆனால் அது சொல்லுவது நிமிடக் கணக்கு. மழை பெய்கையில் நடுக்கடலில் பக்கவாட்டுக் காற்று மோதினால் சிறு வண்டியின் கைப்பிடி எவ்வாறு ஆடும் என்று அது சொல்லுவதில்லை. இரவு வேலை முடிந்து கண் சொருகும் நிலையில் வருபவனுக்கு, சில நிமிடம் உட்கார்ந்து வரத்தக்க படகு நல்லதென்று அது சொல்லுவதில்லை. நாம் கேட்டறிந்தவரை, ஓட்டுபவர்களே ஒருவருக்கொருவர் இவற்றைச் சொல்லிக்கொள்ளுகிறார்கள். ஆற்றுப்படை அங்கேதான் இன்னும் உயிரோடிருக்கிறது.

இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்கென்று இடப்பக்கம் ஒரு பாதை கோடிட்டுக் காட்டப்பட்டுள்ளது. 2019 சனவரி 1 முதல் அவற்றுக்குக் கட்டணமும் இல்லை. நல்லதே. ஆனால் கோடு வேலியாகாது. 2019 சனவரி 20 அன்று விடியுமுன் முதற்பாலத்தில் மோதுண்ட கார் ஒன்று ஓரத்துத் தடுப்பையும் தாண்டிக் கடலில் விழுந்து, அதிலிருந்த இளைஞர் இறந்தார். காரையே நிறுத்தாத இடத்தில் வெள்ளைக்கோடு யாரை நிறுத்தும்?

இதற்கு மாற்று இல்லையா என்று கேட்பின், நம் நாட்டிலேயே இருக்கிறது. 1970களில் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில், கார்களினின்று முற்றும் பிரித்து, மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை அமைத்தார்கள். உலகத்திலேயே அது முன்னோடி என்பர். அப்பாதையைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற் குறைந்தன என்று கண்டனர். 1973 இல் தலைக்கவச விதி வந்தது. 1992 இல் பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரியவேண்டும் என்று விதித்தார்கள். சூரியன் காய்கையில் விளக்கெதற்கு என்று அன்று நகைத்தவர்கள் நம் தோட்டத்திலும் உண்டு. எதிரே வருபவன் கண்ணில் இவன் படவேண்டும் என்பதற்கே அவ்விளக்கு.

சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997 இல் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதன் தவறு செய்வான். அத்தவற்றுக்கு உயிரே விலையாகாதபடி சாலையை அமைப்பது சாலையை அமைப்பவன் கடமை என்பதே அதன் சாரம். சிறு கருத்துத்தான். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் நம் படிவங்களில் பாதியை மாற்றி எழுதவேண்டும். விபத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் நாம் வழக்கமாக எழுதுவது, கவனக்குறைவு என்னும் ஒரே சொல். அந்தச் சொல் எத்தனை சுவர்களையும், அடைபட்ட திறப்புகளையும், நின்றுபோன பஸ்களையும் மூடி மறைத்திருக்கிறது!

2016 இல் மலேசியச் சாலைகளில் இறந்தோர் 7,152 பேர். தொற்றுநோயால் மக்கள் வீட்டுள் அடைபட்ட 2020 இல் 4,634 பேர். ஊரே அடங்கிக் கிடந்த ஆண்டிலும் நாலாயிரத்துக்கு மேல்! இறப்போரில் ஐவருக்கு மூவர் மோட்டார் சைக்கிளில் செல்வோர் என்பது பல்லாண்டாக மாறாத கணக்கு. இவர்கள் யார்? உல்லாசமாய் ஊர் சுற்றப் போனவர்களும் இருப்பர். ஆனால் பெரும்பாலோர் நூறு சி.சி. வண்டியில் சோற்றுப் பொட்டலத்தைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள்.

நம்மவரோ, விபத்து நேர்ந்தவுடன், “விதி முடிந்தது, நாம் என்ன செய்வது?” என்கிறார்கள். புது வண்டி வாங்கினால் சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதற்கு மறப்பதில்லை. தேய்ந்த டயரை மாற்றுவதற்குத்தான் அடுத்த சம்பளம் வரவேண்டும். வெள்ளி நாற்பது கொடுத்துத் தாயத்துக் கட்டிக்கொண்டவன், கழுத்துவார் அறுந்த தலைக்கவசத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை நாமே கண்டோம். மலைபடுகடாம் பாடிய புலவர் வழித்தெய்வங்களையும் தொழச் சொல்லுகிறார், மறுக்கவில்லை. ஆனால் தொழுதுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நடங்கள் என்று அவர் சொல்லவில்லை. பொறி எங்கே, குழி எங்கே, வழுக்கு எங்கே என்று காட்டிவிட்டே மேற்செல்லுகிறார்.

யானையும் வழியும் பற்றிய பேச்சு இன்றும் ஒழியவில்லை. பினாங்கிலிருந்து கிளந்தானுக்குப் போவோர் கிரிக் வழியாகச் செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982 இல் திறக்கப்பட்டது. அடர்ந்த காட்டை ஊடறுத்துச் செல்லும் மலைச்சாலை அது. 2025 மே 11 அன்று அச்சாலையில் லாரி மோதி ஒரு யானைக்கன்று இறந்தது. தாய்யானை லாரியின் அடியிற் கிடந்த கன்றைவிட்டு நகராமல் நின்ற காட்சியை நாடே கண்டு கலங்கியது. ஒரு திங்கள் கழியுமுன், சூன் 9 அன்று நள்ளிரவுக்குப்பின், அதே நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து, தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவர் பதினைவர் மாண்டனர். அவர்கள் வழியைத் தேர்ந்தவர்கள் அல்லர். நேரத்தைத் தேர்ந்தவர்களும் அல்லர். பயணிகளாய் ஏறியவர்கள். இருளிற் செல்லாதீர், விடிந்தபின் செல்லுங்கள் என்று ஈராயிரம் ஆண்டுக்கு முன் கூத்தருக்குச் சொன்ன சொல்லைப் பஸ்ஸின் நேர அட்டவணை எழுதுபவருக்கு யார் சொல்லுவது?

இனி அந்தப் படத்துக்கு வருவோம்.

நாம் உள்ளபடியே வரைந்தோம். அடுக்குவீடு, பெருஞ்சாலை, தடுப்புச்சுவர், அடைபட்ட திறப்பு, சமிக்ஞை விளக்குச் சந்தி, தோட்டத்து வாயில் ஆகிய எல்லாவற்றையும் குறித்தோம். அவன் வந்த முந்நூறு மீட்டரைச் சிவப்பு மையாலும், வந்திருக்கவேண்டிய சுற்றுவழியை நீல மையாலும் இட்டோம். தாயார் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமற் போனார். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. ஆயினும், தவறான திசையில் வந்தாலும் அவன் வந்தது வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியே என்பது ஏற்கப்பட்டது; பணம் வந்தது. அவன் இப்பொழுது தோட்டத்து எடைமேடையில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறான். குலைகளை ஏற்றிவரும் லாரிகளைப் பார்க்கும்போது முதலில் சில நாள் கை நடுங்கிற்று என்று அவனே சொன்னான்.

அப்படத்தின் நகல் ஒன்றை நாம் அலுவலகச் சுவரில் ஒட்டினோம். சாலைக்குப் பொறுப்பான அலுவலகம் எது என்று இங்கே சொல்லவேண்டுவதில்லை. மூன்று கடிதம் எழுதினோம், பெற்றுக்கொண்டோம் என்ற பதில் மட்டும் இருமுறை வந்தது. சுவரில் ஒட்டிய படம் கடிதத்தைவிட வேலை செய்தது. பெரட்டு முடிந்தபின் நின்று பார்ப்பவர்கள், தாம் அறிந்த ஆபத்துகளை நம்மிடம் சொல்லிக் குறிக்கச் செய்தார்கள். இவ்விடத்தில் மழைநீர் தேங்கும்; இவ்விடத்தில் விளக்குக்கம்பம் எரிவதில்லை; பள்ளிப் பஸ் இங்கே நின்று புறப்படுகையில் பின்னால் வருபவனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, சாலையில் நாய் செத்துக் கிடக்கும் இடங்களை விரல் வைத்துக் காட்டினார். அவ்விடங்கள் இரண்டும் மற்றவர்கள் ஆபத்தென்று சொன்ன இடங்களோடு பொருந்தியிருந்தன.

சிவப்புக் கோட்டின் பக்கத்திலேயே, சாலைக்கு உட்புறம், தோட்டத்து எல்லைக் கால்வாய் செல்லுகிறது. அதன் கரையோரமாக ஓர் ஒற்றையடிப் பாதை ஏற்கெனவே இருப்பதை மேய்ச்சற்காரர் ஒருவர்தாம் சொன்னார். சந்தியிலிருந்து வாயில்வரை அப்பாதையை மண்ணிட்டு அகலமாக்கினால், பெருஞ்சாலையில் எதிர்த்திசையாக ஓட்டவேண்டிய தேவையே இராது. சந்தியில் விளக்கைப் பார்த்துக் கடந்து, தோட்டத்து நிலத்தின் வழியாகவே வந்துவிடலாம். இரண்டு இடத்தில் மட்டும் மதகு கட்டவேண்டும். நம் நிர்வாகி அரைமனத்தோடு ஒப்பினார். செலவுக்கணக்கை நாமே எழுதிக் கொடுத்தோம். முதல் மதகு முடிந்தது. இரண்டாவதற்குக் குழாய்கள் வந்து இறங்கியிருக்கின்றன. மழை விடாமையால் குழி தோண்டப்படவில்லை. அதுவரை, பெரட்டு மணியைத் தள்ளிவைத்து, விடிந்தபின் வரச் சொல்லியிருக்கிறோம். இன்று காலை ஆறு மணிக்கு வாயிலில் நின்று பார்த்தோம். பழக்கம் விடாத நால்வர் இருட்டிலேயே வந்து சேர்ந்தார்கள். மூவர் விளக்குச் சந்தியைச் சுற்றி வந்தார்கள், ஒருவன் மட்டும் எதிர்த்திசையில் வந்தான்.